அலுவலக காபி மிஷினின் தட்டை இழுத்துப் பார்த்தேன், அதிலிருந்து குடிக்க மனம் வரவில்லை

வளவுவாசி | திங்கள், காலை 11.20

காரைக்குடியில் செக்காலை ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில் எங்கள் அலுவலகம். பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து நடத்துகிறார்கள். முகப்பில் வரவேற்பு, வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளில் நாங்கள் நாற்பது பேர், அதற்குப் பின்னால் உள்ள இரண்டாம் கட்டில் சாப்பாட்டு மேஜை, அதன் ஓரத்தில் காபி மிஷின். பொடி போட்டு, பட்டனை அமுக்கினால் கலந்து வருமே, அந்த வகை. ஒரு நாளைக்கு நூறு கப்புக்குக் குறையாமல் ஓடும்.

பொங்கல் விடுமுறை ஐந்து நாள் முடிந்து இன்று காலை எட்டே முக்காலுக்கு நான்தான் முதல் ஆளாக வந்தேன். பட்டனை அமுக்கினால் காபி வரவில்லை, தட்டு நிறைந்துவிட்டது என்று சிவப்பு விளக்கு எரிகிறது. சரி, நாமே எடுத்துக் கொட்டிவிடலாம் என்று கீழே இருந்த டிரேயை இழுத்தேன். மோர் மேல் ஆடை கட்டியது போல ஒரு வெள்ளைப் படலம், அதன் நடுவே பச்சைப் புள்ளிகள், தட்டைச் சாய்த்தால் அந்தப் படலம் கிழியாமல் ஒரே துண்டாக நகர்கிறது. புளித்த மாவும் ஈரச் சாக்கும் சேர்ந்த மாதிரி ஒரு வாடை. குனிந்து பார்த்தால் காபி இறங்கும் குழாயின் வாயில் பழுப்பாகப் பிசின் போல ஒரு வளையம். நகத்தால் சுரண்டினேன், வழுக்கியது.

அலுவலக நிர்வாகம் பார்க்கும் அட்மினிடம் சொன்னேன். "கொதிக்கிற தண்ணி சார், எந்தக் கிருமி உயிரோட இருக்கப்போகுது" என்று சிரித்தார். இத்தனை நாள் இதில் காபி எடுத்த யாரும் செத்துவிடவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் பத்தரை மணிக் காபியைக் குடிக்காமல் தலைவலியோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இது அருவருப்பு மட்டும்தானா, உடம்புக்கும் கேடா?

டபரா தம்பி | திங்கள், காலை 11.48

தட்டை இழுத்தது உங்கள் தப்பு அண்ணே. சில கதவுகளைத் திறக்கக் கூடாது.

நான் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் காபிக்கடை வைத்திருப்பவன், அதனால் என் பேச்சில் பாதியைத் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள். ஆனால் என் கடையில் பால் கண் முன்னால் பொங்குகிறது, டிகாஷன் கண் முன்னால் இறங்குகிறது, சட்டி கழுவாமல் கிடந்தால் வாடிக்கையாளருக்கு நேராகத் தெரியும். உங்கள் மிஷினுக்குள் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே இத்தனை நாள் கழித்துத்தான் தெரிந்திருக்கிறது.

நாலு டெசிமல் | திங்கள், மதியம் 12.05

டபரா தம்பி, உங்கள் கடை டம்ளர்களை ஒரு வாளித் தண்ணீரில் முக்கி எடுப்பதும் கண் முன்னால்தான் நடக்கிறது. காலை ஆறு மணிக்கு ஊற்றிய தண்ணீர் பத்து மணிக்குக் காபி நிறத்தில் இருக்கும், நானே பார்த்திருக்கிறேன்.

டபரா தம்பி | திங்கள், மதியம் 12.11

அது பக்கத்துக் கடை.

ரூட்டு மெக்கானிக் | திங்கள், மதியம் 2.30

இந்தத் தொழிலில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டை, திருமயம் என்று பைக்கில் சுற்றி மிஷின் சர்வீஸ் பார்ப்பவன். எந்தக் கம்பெனி மிஷின் என்று கேட்காதீர்கள், எல்லாமும் பார்த்திருக்கிறேன், உள்ளே எல்லாம் ஒரே குடும்பம்தான்.

கொதிக்கிற தண்ணீர் என்று உங்கள் அட்மின் சொன்னது பாதிதான் சரி. பாய்லரில் தண்ணீர் 85, 90 டிகிரி வரை சூடாக இருக்கும், அங்கே பிரச்சினை இல்லை. அங்கிருந்து தண்ணீர் சின்னக் குழாய் வழியாக மிக்ஸிங் பவுலுக்கு வரும். மேலே கேனிஸ்டர் என்ற டப்பாவிலிருந்து பொடி விழும், அடியில் விப்பர் என்று ஒரு சின்னக் காற்றாடி சுற்றி நுரை கிளப்பும், அப்புறம் நாசில் என்ற குழாய் வாய் வழியாக உங்கள் டம்ளர். ஒரு கப்புக்கு ஏழெட்டு விநாடி. அந்த ஏழெட்டு விநாடிதான் பவுலுக்குள் சுடு தண்ணீர் ஓடுகிறது, மிச்ச நேரமெல்லாம் பவுலின் சுவரில் பால்பொடியும் சர்க்கரையும் ஈரமாக ஒட்டிக்கொண்டு ஆறிப்போய்க் கிடக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு கரண்ட் மிச்சம் என்று சுவிட்சை அணைத்துவிட்டுப் போவீர்கள். நம் ஊர் வெயிலுக்கு மூடின கட்டடத்துக்குள் ராத்திரி என்ன சூடு இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தயிர் தோய்ப்பதற்கு நாம் என்ன செய்வோமோ அதையேதான் மிஷினுக்குச் செய்துவிட்டு வீட்டுக்குப் போகிறோம்.

இன்னொன்று, பொடி விழும் வாய். கீழிருந்து ஆவி ஏறி அந்த வாயில் படும், பொடி ஈரம் குடித்துக் கட்டி தட்டும். காபி திடீரென்று தண்ணியாக வந்தால் நீங்கள் கம்பெனிக்காரன் பொடியைக் குறைத்துவிட்டான் என்று திட்டுவீர்கள், உண்மையில் வாய் அடைத்திருக்கும். போன வருஷம் ஒரு இடத்தில் அந்தக் கட்டியை உடைத்தபோது உள்ளே எறும்பு வரிசையாக அவிந்து ஒட்டியிருந்தது. வேறொரு இடத்தில் பின் மூடியைக் கழற்றினேன், சர்க்யூட் போர்டுக்குப் பக்கத்தில் சின்னக் கரப்பான்கள் குடும்பத்தோடு குடியிருந்தன. சூடு, இருட்டு, சர்க்கரை, மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தால் அவை வேறு எங்கே போகும்.

தினமும் சாயங்காலம் பவுலையும் விப்பர் காற்றாடியையும் நாசிலையும் கழற்றிச் சுடு தண்ணீரில் அலசிக் காய வைக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை, ஸ்குரூ டிரைவர் கூட வேண்டாம், திருகினால் கையோடு வரும். மிஷின் வைக்கும் முதல் நாள் எல்லா ஆபீசிலும் செய்து காட்டுகிறேன். மூன்று மாதம் கழித்து சர்வீசுக்குப் போனால் நான் மாட்டின இடத்திலிருந்து பவுல் அசைந்திருக்காது.

நீலப்பூஞ்சை | திங்கள், மாலை 4.15

நுண்ணுயிரியல் பாடம் எடுக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வளவுவாசி பார்த்த படலத்துக்கு பயோஃபிலிம் என்று பெயர். பாக்டீரியா, பூஞ்சை போன்றவை தனித்தனியாக மிதக்காமல், தாங்களே சுரக்கும் ஒரு பசைக்குள் கூட்டமாகக் குடியேறுவது. கிணற்றுப் படியில் பாசி வழுக்குவதும், கழுவாத தண்ணீர்ப் பாட்டிலின் உள் சுவர் வழுக்குவதும் இந்த வகைதான். சும்மா தண்ணீர் ஊற்றினால் போகாது, தேய்த்தால்தான் போகும்.

காபி மிஷினை வைத்தே ஒரு ஆய்வு வந்திருக்கிறது. ஸ்பெயினின் வலென்சியாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2015இல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வெளியிட்டது. காபிப் பொடி அடைத்த காப்ஸ்யூலைப் போடும் வகை மிஷின்கள் பத்தை எடுத்துக்கொண்டு, அவற்றின் கழிவுக் காபி தேங்கும் தட்டைச் சோதித்தார்கள். ஒவ்வொன்றிலும் 35 முதல் 67 பாக்டீரியாப் பேரினங்கள். புது மிஷின் ஒன்றையும் தொடர்ந்து கவனித்தார்கள், இரண்டு மாதத்துக்குள் அங்கேயும் கூட்டம் கூடிவிட்டது. காபியில் உள்ள கஃபீன் பொதுவாகக் கிருமிகளுக்கு ஆகாது, ஆனால் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வகையில் சில கஃபீனையே தின்று வாழக் கூடியவை, அதுவும் அந்தத் தட்டில் இருந்தது. ஒன்றை மறக்காமல் சொல்லிவிடுகிறேன்: அது தட்டில் எடுத்த மாதிரி, குடிக்கும் காபியில் எடுத்தது இல்லை. தட்டு அசிங்கமாக இருந்தால் காபியும் விஷம் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

நான் கவலைப்படுவது ரூட்டு மெக்கானிக் சொன்ன பவுலுக்காக. பால்பொடியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். வித்து என்றால் அது சூட்டைத் தாங்கும் உறை போட்டுக்கொண்டு தூங்குகிற நிலை, 90 டிகிரித் தண்ணீருக்கெல்லாம் அசராது. ஈரமும் 30 டிகிரிக்கு மேல் இளஞ்சூடும் கிடைத்தால் விழித்துப் பெருகும். அதில் ஒரு வகை, வாந்தியை உண்டாக்கும் நச்சைச் சுரக்கும், அந்த நச்சு உருவான பிறகு கொதிக்க வைத்தாலும் அழியாது. அதனால்தான் உணவு 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 60க்கு மேலே இருக்க வேண்டும், நடுவில் நெடுநேரம் விடாதே என்று உலகச் சுகாதார நிறுவனமும் சொல்கிறது. ராத்திரி பூரா அணைத்துவைத்த மிஷினின் பவுல் அந்த நடுவில்தான் கிடக்கிறது. உங்கள் அட்மினிடம் இதைச் சொல்லுங்கள்: கொதி தண்ணீர் உயிரோடு இருக்கும் கிருமியைக் கொல்லும், அது ராத்திரியே செய்துவைத்துவிட்டுப் போன வேலையைக் காலையில் வரும் கொதி தண்ணீர் அழிக்காது.

ஆரோக்கியமான ஆளுக்கு இதெல்லாம் பெரும்பாலும் ஒரு நாள் வயிற்றுக் கோளாறோடு போய்விடும். கர்ப்பிணி, சர்க்கரை நோயாளி, புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர் ஒருவராவது நாற்பது பேரில் இருந்தால் கதை வேறு.

செக்காலை சைக்கிள் | திங்கள், மாலை 5.02

எல்லாம் சரி, ஆனால் முக்கியமான இடத்தை விட்டுவிட்டீர்களே. பட்டன்! நாற்பது பேர், செக்யூரிட்டி, டிரைவர், கூட்டுகிறவர்கள், வெளியிலிருந்து வரும் டெலிவரி ஆட்கள், எல்லாரும் ஒரே பட்டனை அமுக்குகிறார்கள். யார் கையில் என்ன இருக்கிறதோ. எங்கள் ஆபீசில் ஸ்டாஃபுக்குத் தனி மிஷின், மற்றவர்களுக்குக் கீழே தனி மிஷின் என்று பிரித்துவிட்டோம். நிம்மதியாக இருக்கிறது.

கண்டனூர்க்காரி | திங்கள், இரவு 8.40

"மற்றவர்கள்" என்றால் யார் என்று கொஞ்சம் விளக்குங்களேன் சைக்கிள்.

என் அம்மா காரைக்குடியில் ஒரு அலுவலகத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறார். ஒரு நாளைக்கு இருபது தடவை சோப்புத் தண்ணீரில் கை நனைகிறவர் அவர். கழிப்பறையிலிருந்து போனைப் பார்த்துக்கொண்டே வந்து அப்படியே பட்டனை அமுக்குகிற ஸ்டாஃபை அவர் தினமும் பார்க்கிறார். இந்த மாவட்டத்தில் டீக்கடைகளில் தனி டம்ளர் வைத்திருந்த கதை எங்கள் தாத்தாவுக்குத் தெரியும், அப்போதும் பேச்சு சுத்தம் என்றுதான் ஆரம்பிக்கும். நீங்கள் அதை மிஷினாக மாற்றி வைத்திருக்கிறீர்கள்.

செக்காலை சைக்கிள் | திங்கள், இரவு 9.10

நான் ஜாதியைப் பற்றிப் பேசவே இல்லை, ஹைஜீன் பற்றித்தான் பேசினேன். எதைச் சொன்னாலும் அங்கேயே கொண்டுபோய் நிறுத்தினால் எப்படி?

நீலப்பூஞ்சை | திங்கள், இரவு 9.45

சரி, ஹைஜீன் மட்டுமே பேசுவோம். அமெரிக்காவில் 2012இல் அலுவலகக் கட்டடங்களில் கிட்டத்தட்ட 5,000 இடங்களைத் துடைத்துச் சோதித்த ஆய்வு ஒன்று இருக்கிறது. துடைக்கும் காகிதம் விற்கும் கம்பெனி எடுத்தது, அதனால் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் அளந்ததும் கிருமியை அல்ல, ஏடிபி என்ற உயிர்ப்பொருள் எச்சத்தை. மிக அழுக்கு என்று குறித்தவை: சோதித்த சிங்க் குழாய்ப் பிடிகளில் 75 சதவீதம், மைக்ரோவேவ் கதவுப் பிடிகளில் 48 சதவீதம், வெண்டிங் மிஷின் பட்டன்களில் 21 சதவீதம். பட்டன் கடைசிப் பக்கம் நிற்கிறது. இரண்டாகப் பிரித்த உங்கள் மிஷின்களில் ஸ்டாஃப் மிஷினின் பவுலைக் கடைசியாகக் கழுவியது என்றைக்கு?

பட்டனால் பரவுவது சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு வைரஸ் போன்றவை. அதற்கு மருந்து காபி எடுத்த பிறகு, குடிப்பதற்கு முன், சோப்புப் போட்டுக் கை கழுவுவது. சானிடைசர் பாட்டில் வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், வயிற்றுப்போக்கு தரும் நோரோ வைரசுக்கு அது சரியாக வேலை செய்யாது. பவுலில் வளர்வது யார் கை பட்டும் வந்தது இல்லை. அது பொடியோடு வந்து, ஈரத்தில் வளர்ந்தது. சோதனைக் குழாயில் பார்த்தால் யார் தெரு என்று எழுதியிருக்காது.

பிறகு சேர்த்தது: செக்காலை சைக்கிள் இதற்குப் பதில் எழுதிவிட்டு அழித்துவிட்டார் என்று தெரிகிறது. பரவாயில்லை.

தேவகோட்டை ஆச்சி | செவ்வாய், காலை 6.30

பேரன் போனில் பேசிப் பேசி எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் தம்பிகளா.

எங்கள் வீட்டில் பால் சட்டிக்கு என்று தனிக் கணக்கு உண்டு. காலைப் பால் காய்ச்சின சட்டியில் சாயங்காலப் பாலை ஊற்ற மாட்டோம். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, வளவு வாசலில் வெயில் விழும் இடமாகப் பார்த்துக் கவிழ்த்து வைப்போம். பிற்பகல் எடுத்தால் கை சுடும். அதில் ஒரு வாடை இருக்காது. டம்ளரும் அப்படித்தான், குடிக்கும்போதே அண்ணாந்துதான் குடிப்போம், உதடு படாது. கல்யாண வீட்டில் முந்நூறு பேருக்குக் காபி போனாலும் அண்டாவை யார் கழுவுகிறார், எப்போது கழுவுகிறார் என்று பார்க்க ஒரு ஆச்சி முக்காலி போட்டு அடுப்படியில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு வேறு வேலையே கிடையாது.

உங்கள் ஆபீசில் முக்காலியில் உட்காருவது யார்?

நீலப்பூஞ்சை | செவ்வாய், காலை 7.20

ஆச்சி, நான் ஒரு வகுப்பு முழுக்கச் சொல்வதை ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள். கவிழ்த்து வெயிலில் காய வைத்ததுதான் சூட்சுமம். ஈரம் போனால் பாக்டீரியா பெருகாது. மிஷின் எந்த நாளும் உலர்வதே இல்லை. அமெரிக்காவில் என்எஸ்எஃப் என்ற அமைப்பு 2011இல் 22 குடும்பங்களின் வீடுகளைச் சோதித்தபோது காபி மேக்கரின் தண்ணீர்த் தொட்டிகளில் பாதியில் ஈஸ்டும் பூஞ்சையும் இருந்தன. தண்ணீர் மட்டும் போகும் இடம், பால் கூட இல்லை. காரணம் இருட்டு, ஈரம், மூடி.

நாலு டெசிமல் | செவ்வாய், காலை 9.15

நான் ஒரு நிறுவனத்தில் நிர்வாகம் பார்ப்பவன், மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். மிஷினை நாங்கள் வாங்குவதில்லை. பொடி எங்களிடமே வாங்குங்கள், மிஷின் சும்மா தருகிறோம் என்று வைத்துவிட்டுப் போவார்கள். ஒப்பந்தத்தில் மாதம் ஒரு சர்வீஸ் என்று எழுதியிருக்கும். தினசரிச் சுத்தம் வாடிக்கையாளர் பொறுப்பு என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும், அதை யாரும் படிப்பதில்லை, நானும் இந்த இழையைப் பார்த்த பிறகு இன்று காலைதான் எடுத்துப் படித்தேன். மிஷின்காரர் நாம் கழுவுவோம் என்று நினைக்கிறார், நாம் மிஷின்காரர் கழுவுவார் என்று நினைக்கிறோம். இதில் யாரும் அயோக்கியர் இல்லை.

அப்புறம், வினிகர் ஊற்றி ஓட்டினால் சுத்தமாகிவிடும் என்று யூடியூபில் சொல்கிறார்களே, அது சரியா?

ரூட்டு மெக்கானிக் | செவ்வாய், மதியம் 1.40

தயவுசெய்து வேண்டாம். வினிகரும் எலுமிச்சை உப்பும் சுண்ணாம்பைக் கரைக்க. பாய்லரில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டுமே, அதற்கு. பால் போகும் வழியில் புளிப்பு ஊற்றினால் மிச்சமிருக்கும் பால் திரிந்து இன்னும் கெட்டியாகப் பிடிக்கும். பால் பிசுக்குக்கும் காபி எண்ணெய்க்கும் காரம்தான் சரி, அதற்கென்றே பொடி விற்கிறார்கள், இல்லாவிட்டால் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் பிரஷ்ஷும் போதும், நன்றாக அலச வேண்டும் அவ்வளவுதான். ஆச்சி சாம்பல் போட்டார் பாருங்கள், அது காரம்.

சுண்ணாம்பு விஷயத்தில் காரைக்குடிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். சம்பை ஊற்றுத் தண்ணீர் ஓடும் மிஷினைத் திறந்தால் எனக்கே சந்தோஷமாக இருக்கும், ஹீட்டர் காயில் பளபளவென்று இருக்கும். போர் தண்ணீரை அப்படியே விடும் இடங்களில் ஒரு வருஷத்தில் காயில் முறுக்கு மாதிரி ஆகிவிடுகிறது. அது நோய் தராது, கரண்ட் பில் தரும். கேன் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் அந்தக் கேனைக் கவிழ்க்கும் வாயைத் துடைத்தாலே போதும், அது லாரியில் தரையோடு உருண்டு வந்தது.

பாக்கெட் பால் ஊற்றும் மிஷின் வைத்திருப்பவர்கள் இங்கே இருந்தால், நீங்கள் இன்னும் உஷாராக இருங்கள். அதில் பால் போகும் ரப்பர் குழாய் ஒன்று இருக்கிறது, அதைக் குறுக்காக வெட்டிக் காட்டினால் நீங்கள் காபியையே விட்டுவிடுவீர்கள். பொடி மிஷினுக்குத் தினமும் ஒரு தடவை என்றால் அதற்கு ரெண்டு தடவை.

பேப்பர் கப் எதிரி | செவ்வாய், மாலை 3.55

மிஷினைப் பற்றியே பேசுகிறீர்கள், கப்பை யாரும் பேசவில்லை. சுத்தம் என்று சொல்லித்தான் எங்கள் ஆபீசில் பேப்பர் கப் கொண்டுவந்தார்கள். அதன் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. கரக்பூர் ஐஐடியில் செய்த ஆய்வில், 100 மில்லி சூடான நீரை 15 நிமிடம் அதில் வைத்திருந்தால் சுமார் 25,000 நுண் பிளாஸ்டிக் துகள்கள் இறங்குகின்றன என்று கண்டார்கள். இதில் வேடிக்கை, பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. எங்கள் ஸ்டோர் ரூமில் ஆறு பெட்டி இருக்கிறது.

நான் வீட்டிலிருந்து எவர்சில்வர் டம்ளர் கொண்டுபோகிறேன். அதைக் கழுவும் பொது ஸ்பாஞ்சைப் பற்றி நீலப்பூஞ்சையிடம் கேட்கத் தைரியமில்லை.

நீலப்பூஞ்சை | செவ்வாய், மாலை 4.05

கேட்காதீர்கள். கையால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கவிழ்த்து வையுங்கள், துணியால் துடைக்காதீர்கள்.

வளவுவாசி | வியாழன், இரவு 10.15

மூன்று நாள் கழித்து வருகிறேன், சொல்ல விஷயம் இருக்கிறது.

ஆச்சி கேட்ட கேள்வி மண்டைக்குள்ளேயே இருந்தது. நேற்றுச் சாயங்காலம் எங்கள் அலுவலகத்தில் சுத்தம் செய்யும் அக்காவிடம் கேட்டேன், மிஷினை நீங்கள் துடைப்பீர்களா என்று. "தினமும் தொடைக்கிறேனே தம்பி, பாருங்க எப்படி மின்னுது" என்றார். உண்மையிலேயே மின்னியது. வெளிப்பக்கம். உள்ளே? "உள்ள எப்படி தொறக்கறது, பூட்டு இருக்கே. சாவி எங்கிட்ட யாரும் தரல" என்றார். மிஷின் வந்து ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிறது.

சாவியைத் தேடினோம். அட்மின் மேஜை டிராயரில், ஸ்டேப்ளர் பின் டப்பாவுக்கு அடியில், மிஷின் வந்த அன்று கட்டின சிவப்பு நூலோடு அப்படியே கிடந்தது. செய்து காட்டின அன்று அட்மின்தான் கூட நின்றாராம், அந்த அக்கா அப்போது மாடிப்படி துடைத்துக்கொண்டிருந்தாராம். ரூட்டு மெக்கானிக் சொன்னபடி திறந்து, பவுலைத் திருகினேன். வரவில்லை. மெக்கானிக் அண்ணே, கையோடு வரும் என்றீர்கள், ஒரு வருஷப் பால் பிசினில் ஒட்டியிருந்தது, சுடு தண்ணீர்த் துணியைச் சுற்றிப் பத்து நிமிடம் வைத்த பிறகுதான் அசைந்தது. உள்ளே நான் பார்த்ததை எழுதவில்லை. அட்மின் எட்டிப் பார்த்துவிட்டு வெளியே போனார், திரும்பி வந்து, "நாளைக்கு மிஷின் ஓடாதுன்னு மெயில் போட்டுடறேன்" என்றார். கொதிக்கிற தண்ணி என்று இந்தத் தடவை சொல்லவில்லை.

அந்த அக்காதான் பிரஷ்ஷை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். நான் கழுவுகிறேன் என்றேன், "நீங்க தண்ணிய மட்டும் ஊத்துங்க தம்பி, தேய்க்கத் தெரியாது உங்களுக்கு" என்றார். மூன்று தண்ணீர் மாறியது. கழற்றினதையெல்லாம் இரவு முழுக்க ஜன்னல் ஓரத்தில் கவிழ்த்து வைத்து இன்று மத்தியானம் மாட்டினோம். ஆத்தங்குடிக் கல் தரையில் பழுப்புக் கறை ஒன்று விழுந்துவிட்டது, வீட்டுக்காரர் பார்த்தால் என்ன சொல்வார் என்று தெரியவில்லை.

காபி ருசி மாறியிருக்கிறது. இத்தனை நாள் அந்தப் பொடியின் ருசி என்று நினைத்தது பொடியின் ருசி இல்லை.

டபரா தம்பி | வியாழன், இரவு 10.32

எழுதவில்லை என்றீர்கள், ஆனால் கடைசி வரியில் எல்லாவற்றையும் எழுதிவிட்டீர்கள் அண்ணே. நான் இப்போது சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

கண்டனூர்க்காரி | வியாழன், இரவு 11.05

சாவியை அந்த அக்காவிடமே கொடுத்தீர்களா? கொடுத்தால் கூடவே இன்னொன்றும் பேசுங்கள். என் அம்மாவுக்கு ஐந்தரை வரை வேலை, ஐந்து நாற்பதுக்குப் பஸ். தினமும் கழற்றிக் கழுவி மாட்டுவது பதினைந்து இருபது நிமிடம். மெக்கானிக் அண்ணன் ஐந்து நிமிடம் என்பது பழகின கை. அந்த நேரம் அவருடைய வேலை நேரத்துக்குள் வர வேண்டும், இல்லாவிட்டால் பஸ் போய்விடும், அடுத்தது ஏழு மணிக்குத்தான். கையுறை, தனி பிரஷ், தனி ஸ்பாஞ்சும் கேளுங்கள். கழிப்பறை வாளியும் மிஷின் வாளியும் ஒன்றாக இருந்தால் நீங்கள் பேசின இத்தனையும் வீண்.

நிர்வாகம் கேட்காவிட்டால் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் கொடுக்கலாம், வெண்டிங் மிஷினும் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருவதுதான். ஆனால் முதல் கையெழுத்து ஸ்டாஃப் போடுங்கள். ஹவுஸ்கீப்பிங் ஆள் போட்டால் அடுத்த மாதம் வேறு ஆள் இருப்பார்.

வளவுவாசி | சனி, மதியம் 1.10

சாவி அக்காவிடம் வந்துவிட்டது, சிவப்பு நூலோடு. நீல வாளி மிஷினுக்கு என்று தனியாக வாங்கியாயிற்று. நேரம் பற்றி அட்மினிடம் பேசியதில், ஐந்து மணிக்கே மிஷினை நிறுத்தி ஐந்தே காலுக்குள் சுத்தத்தை முடித்துவிடுவது என்று முடிவு. ஐந்து மணிக்கு மேல் காபி கிடையாது என்று நோட்டீஸ் ஒட்டினார்கள்.

அதற்குத்தான் இப்போது சண்டை. பச்சைப் படலத்தைப் போட்டோவில் பார்த்து முகம் சுளித்த அதே ஆட்கள், ஐந்தரைக் காபி இல்லாமல் எப்படி வேலை பார்ப்பது என்று மெயில் மேல் மெயிலாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் வாரத்துக்கு ஒரு நாள் கழுவினால் போதாதா என்று கேட்கிறார்.

டபரா தம்பி | சனி, மதியம் 1.18

அவர்களை என் கடைக்கு அனுப்புங்கள். வாளித் தண்ணீரையும் மாற்றிவிட்டேன், குழாய்க்கு அடியில்தான் இப்போது கழுவுகிறோம்.

நாலு டெசிமல் | சனி, மதியம் 1.21

பக்கத்துக் கடை என்றீர்களே?